கல்லை உருவிய பிறகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதைச் சிரிப்புக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அமெரிக்காவில், கனடா எல்லையை ஒட்டிய எங்கள் வெர்மான்ட் மலையில், 1808-ல், எல்லைக்காரர்கள் செய்த ஒரு கில்லாடித்தனம். அவ்வளவுதான் கைவசம் இருந்தது.

முதல் தொடக்கம்: ‘இடி இடித்தது. அசகேல் கல்லின்மேல் கைவைத்தான். அப்போது—’

வேண்டாம். இடி எதற்கு? கல் போதும்.

2

இங்கிலாந்தும் பிரான்சும் கடலில் மோதிக்கொண்டிருந்தன. இரண்டுமே எங்கள் கப்பல்களைப் பிடித்தன. ‘நாங்கள் யார் பக்கமும் இல்லை’ என்ற எங்கள் அரசாங்கம், கடைசியில் வெளிநாட்டு வியாபாரத்தையே தடை செய்துவிட்டது.

[கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனால் இதை வெட்டினால் இனி வரும் குடிசை எதற்கென்று புரியாது.]

குடிசை எல்லைக்கோட்டை ஒட்டிச் சரிவில் நின்றது. உள்ளே சாம்பல் உப்புப் பீப்பாய்கள். காட்டை எரித்த சாம்பலைக் காய்ச்சி எடுத்த சரக்கு; கனடாவில்தான் விலைபோகும். குடிசைக்கு அடியில் ஒரே ஒரு முட்டுக்கல். அதை உருவினால் சுவர் பெயரும், பீப்பாய்கள் தாமாகவே கனடாவுக்கு உருண்டுவிடும். யாராவது கேட்டால்? “குடிசை சரிஞ்சுபோச்சு ஐயா, நான் என்ன பண்ண?”

3

குடிசைக்காரன் அசகேல். அவன் தங்கை புருஷன் சேடக், எல்லைக் காவல்காரன். விடுதியில் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

“ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா, நான் ஏன் மாப்ளே பட்டினி கெடக்கணும்?”

“யாருக்கும் விக்காம இருந்தாத்தான் மச்சான் ரெண்டு பயலும் வழிக்கு வருவான்.”

“வருவான், வருவான். என்னைப் புதைக்கிற அன்னிக்கு வருவான்!”

விடுதியே சிரித்தது. சேடக் மேசையில் குத்தினான். “உன் சரக்கு ஒண்ணு கோட்டைத் தாண்டட்டும். மச்சான்னு பாக்க மாட்டேன்!”

[இந்தச் சேடக்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நேர்மை எந்தக் கதையிலும் தாங்காது.]

4

மறுநாள் மதியம் அசகேல் கல்லை உருவினான். சுவர் பெயர்ந்தது. பீப்பாய்கள் தடதடவென்று இறங்கின. கீழே சரக்குக்காகக் காத்திருந்த கனடாக்காரன் நார்சிஸ் கைதட்டினான். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டே—

சரிந்த உத்திரத்துக்கு அடியிலிருந்து ஓர் அலறல். சேடக்கின் குரல்!

சத்தியமாக அவனை நான் உள்ளே வைக்கவில்லை. பேனாவைக் கீழே போட்டுவிட்டேன்.

5

“மாப்ளே! நீ எப்படி உள்ள? என்னைப் பிடிக்க வந்தியா?”

உத்திரம் சேடக்கின் மார்பில் கிடந்தது. “இல்ல மச்சான்... என் பீப்பா ஒண்ணு... உன் சரக்கோட சரக்கா வெச்சுட்டுப் போலாம்னு... வீட்டுல மாவு இல்ல.”

அசகேல் உத்திரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

உத்திரம் ஓர் ஆளுக்கு அசையவில்லை. மேலே காவல் சாவடி. கத்தினால் ஆள் வரும், இருவருக்கும் சிறை. அசகேல் கீழே பார்த்துக் கெஞ்சினான்.

“நார்சிஸ், மேல வந்து ஒரு கை பிடிய்யா!”

“கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க நாடுப்பா. உங்க விவகாரத்துல நாங்க தலையிடறதில்ல.” சொல்லிக்கொண்டே அவன் ஒரு பீப்பாயை நிமிர்த்தினான்.

6

ஒரு முடிவு: அசகேல் சாவடியைப் பார்த்துக் கத்துகிறான்.

இன்னொன்று: கத்தவில்லை. தங்கை வீட்டு வாசலில் போய் நின்று, “உன் புருஷன்—”

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் யார் பக்கமும் சேராமல் சரிவில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சேடக்கின் மூச்சு குறைகிறது. அசகேல் உத்திரத்தின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்துவிட்டான்.

மறுமுனையில் ஆளில்லை.