சஹன் கணக்கு

பின்னப் பெருக்கலைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால், உப்பளத்தில் நட்டுவைத்து வெயிலில் காயவிட வேண்டும் என்று கமலாம்பாள் டீச்சர் அந்த வாரம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தாள். அரையை அரையால் பெருக்கினால் கால் என்றாள். பெருக்கினால் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். காகிதத்தை மடித்துக் காட்டினாள், கொய்யாவை அறுத்துக் காட்டினாள். கொய்யா தீர்ந்ததே தவிரக் கணக்கு ஏறவில்லை.

மற்றவர்களுக்கு இந்த மாதம் ஏறாவிட்டால் அடுத்த மாதம் ஏறும். மரியம் பீவிக்கு அந்தத் தவணை கிடையாது. சவுதியிலிருந்து டேப்ரெக்கார்டரோடு லீவில் வந்திருந்த அவள் அத்தா மீரான், வெள்ளிக்கிழமை திரும்புகிறார். ஆறாம் வகுப்புக்குக் கூனிமேட்டிலிருந்து மரக்காணம் பஸ் ஏற வேண்டும். கொண்டுவிட வீட்டில் ஆளில்லை, ஐந்தோடு போதும் என்று முடிவு கட்டியிருந்தார். கமலாம்பாள் வீடேறிப் போய்க் கெஞ்சினாள்.

"நான் கெளம்பறதுக்கு முன்னாடி ஸ்கூலுக்கு வர்றேங்க. கஷ்டமான கணக்கா ஒண்ணு கேளுங்க. பதில் வந்துச்சுன்னா அனுப்பறேன்" என்றார் கடைசியில்.

நல்ல மனிதர்தான். கமலாம்பாளின் அப்பாவும் நல்ல மனிதர்தான். அவள் அக்காள்கள் இருவரையும் ஐந்தாம் வகுப்போடு உப்பு வார அனுப்பியவர் அவர்.

வேறு வழி தெரியாமல் தவித்தபோதுதான் அவளுக்குச் சஹன் ஞாபகம் வந்தது. இந்த ஊர் நிக்காஹ் விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தூர நின்று பார்த்திருக்கிறாள். அந்தத் தட்டை ஒரு வீட்டில் இரவல் வாங்கிவந்து, பொரியைக் கொட்டிப் பரப்பி, மேலே இரண்டு ஈர்க்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தாள். ஆளுக்குக் கால் பங்கு. பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள், பாவம்.

மீரான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மரியமும் மூன்று தோழிகளும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மரியம், உன் பங்குல பாதிய ஜுலேகாவுக்குக் குடு. நீ குடுத்தது மொத்த சஹன்ல எத்தன பங்கு?"

மரியம் தட்டைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள். பிறகு ஈர்க்குகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, தன் பக்கத்துப் பொரி முழுவதையும் ஜுலேகா பக்கம் தள்ளிவிட்டாள். கமலாம்பாள் கிட்டே வந்து குனிந்தாள். பாதி மட்டும்தானம்மா, பாதி எவ்வளவு என்று சொல்லு என மறுபடி கேட்டாள். குரல் கெஞ்சியது.

"சஹன்ல யாரும் பங்கு பாக்க மாட்டோம் டீச்சர்" என்று மரியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மீரான் முகத்தில் அப்படியொரு பெருமை. பக்கத்தில் இருப்பவருக்கு நல்லதைத் தள்ளிவிடுவதும், யார் எவ்வளவு தின்றார் என்று பாராமல் இருப்பதும்தான் சஹனின் மரியாதை என்று அவரே டீச்சருக்கு விளக்கினார். எழுந்து மகள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"பொண்ண நல்லாத்தான் வளத்திருக்காங்க எங்க வீட்ல. இது போதுங்க டீச்சர்."

கரும்பலகையில் வேறு கணக்குக் கேட்கிறேன் என்று கமலாம்பாள் மன்றாடினாள். பேசினது பேசினதுதானே என்று சொல்லிவிட்டு, அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். தட்டைக் கொண்டுவந்தவளும் தான், கேள்வி கேட்டவளும் தான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது.

கேட்டைத் தாண்டியதும் மரியம் கையை உருவிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

"எட்டுல ஒண்ணு டீச்சர். அத்தா எதிர்ல, சஹன்ல உக்காந்துக்கிட்டு, எப்படி சொல்றது?"

கமலாம்பாள் சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். "பாய், சொல்லிட்டா. சரியா சொல்லிட்டா. எட்டுல ஒண்ணு."

மீரான் நின்று யோசித்தார். அவருக்குக் கோபமில்லை, மகளை நினைத்து இரக்கம்தான்.

"எட்டா? சஹனுக்கு நாலு பேருதானே டீச்சர்" என்றார். பிறகு மகளின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார்.