முப்பது பவுண்டு அதிகம்

வெண்டெல் அந்தப் பொய்யை மே மாதக் கடைசியில், சமையலறை மேசைமேல் வரைபடம் விரிந்து கிடக்கும்போது சொன்னான். முன்கூட்டியே யோசித்து வைத்த பொய் இல்லை. எதிரே நண்பன் ஆரின் உட்கார்ந்து, ஜூலையில் விமானத்தில் மலைக்குப் போகும் பயணத்துக்கு எந்த வாணலியைக் கொண்டுபோவது என்று பேசிக்கொண்டிருந்தான். போன வருடம் கொண்டுபோன மெல்லிசு வாணலியில் மீன் தோல் மொத்தமும் ஒட்டிக்கொண்டது, இந்த முறை இரும்பு வாணலிதான் என்றான். அதைக் கேட்டதும் வெண்டெலுக்கு ஒரு வழி கிடைத்தது.

"வாணலிய விடு. உன்னையே ஏத்த முடியுமான்னு தெரியல."

குளிர்காலத்தில் வெண்டெல் தன் சிறிய விமானத்துக்குப் பெரிய டயர் மாட்டியிருந்தான். ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் இறங்கினாலும் தாங்கும் டயர். அது நினைத்ததைவிடக் கனம் என்றான். ஜூலை வெயில், மலை உயரம், காற்றில் பிடிப்பு இருக்காது, கணக்குப் போட்டுப் பார்த்ததில் முப்பது பவுண்டு கூடுதலாகி உதைக்கிறது என்றான்.

கணக்குப் போட்டுப் பார்த்தது உண்மைதான். அது உதைக்கவில்லை. இரண்டு ஆள், கூடாரம், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் ஏற்றிய பிறகும் இடம் மிச்சம் இருந்தது.

ஆரின் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான். "முப்பதுன்னா இது மட்டும்தான். இத வீட்டுல விட்டுட்டு மீதி ஆளு வரலாமா?" என்றான்.

வெண்டெல் சிரித்தான். வரைபடத்தை மடித்து வைத்தான்.

வேறு யாராவது என்றால், நிஜமாவா, இன்னொரு தரம் கூட்டிப் பார் என்று கேட்டிருப்பார்கள். ஆரின் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் விமானம் ஓட்டுகிறவர்கள் பிடித்த மீனைப் பற்றிப் பொய் சொல்வார்கள், விட்டுப்போன மனைவியைப் பற்றிச் சொல்வார்கள், பறந்த மணிக்கணக்கைப் பற்றியும் சொல்வார்கள். எடையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். ஊர் ஓடுபாதையை ஒட்டி, மெர்ல் என்கிற ஓட்டியின் கொட்டகையில் தீவன மூட்டை நிறுக்கிற தராசு ஒன்று கிடக்கிறது. மலைக்குக் கிளம்பும் எவரும் பூட்ஸ், கோட்டு, இடுப்புக் கத்தி, முதுகுப் பை எல்லாவற்றோடும் அதில் ஏறி நிற்க வேண்டும். விமானம் ஓட்டுகிறவர்தான் முள்ளைப் படிப்பார். மெர்ல் எதையும் கிண்டல் பண்ணுகிற ஆள். தராசில் ஒருவர் நிற்கும்போது அவன்கூட வாயைத் திறக்க மாட்டான். ஜூலையில் எல்லோரும் போய் இறங்கும் ஹார்னெட் கிரீக் ஓடைப் பள்ளத்தாக்கில், பைன் மரங்களுக்கு நடுவே, விழுந்த விமானம் ஒன்றின் இறக்கை இன்னும் கிடக்கிறது. அதை ஓட்டிய ஆள் தன் மச்சானின் எடையை மச்சான் சொன்னபடியே எடுத்துக்கொண்டவன்.

வெண்டெல் பொய் சொன்னதற்கு உண்மையான காரணமும் ஹார்னெட் கிரீக்கில்தான் இருந்தது.

அங்கே பள்ளத்தாக்கின் கடைசி வளைவைத் தாண்டிவிட்டால் திரும்ப இடம் கிடையாது. எதிரே மலை. விமானம் இறங்குகிற புல்தரை மலையை நோக்கி மேடேறும். ஏறுமுகமாக இறங்க வேண்டும், இறங்குமுகமாகக் கிளம்ப வேண்டும். போன ஜூலையில் வெண்டெல் அந்த வளைவைத் தாண்டியதும் காற்று மேலிருந்து அமுக்கியது. புல்தரை இன்னும் தூரத்தில் இருக்க, விமானம் மரங்களை நோக்கிச் சரிந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான். இடது கையில் இருக்கும் விசைப்பிடியை முன்னால் தள்ளி எஞ்சினுக்கு முழு பலமும் கொடுக்க வேண்டும். அவன் கை பிடிமேல்தான் இருந்தது. தள்ளவில்லை. மர உச்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓர் உச்சியில் காகம் மாதிரி ஏதோ இருந்தது, அது காகம்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவன் உள்ளங்கைக்கு அடியில் பிடி தானாக முன்னால் நகர்ந்தது.

அந்த விமானத்தில் முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். பின்னால் இருப்பவருக்கும் ஒரு பிடி உண்டு. இரண்டும் ஒன்றாகத்தான் நகரும். எஞ்சின் கத்தியது, மரங்கள் சக்கரத்துக்குக் கீழே போயின, வெண்டெலுக்கு நினைவு திரும்பியது, இறக்கினான். இறங்கி நின்றபோது முதுகுக்குப் பின்னால் ஆரின் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற ஓட்டிகளிடம், "பஞ்சுமேல வெச்ச மாதிரி எறக்கினான்" என்று ஆரின்தான் சொன்னான். வெண்டெலிடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

திட்டியிருந்தால் வெண்டெல் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. ஆரின் வீட்டுக்கு வந்தால், காபிக் கோப்பையைப் பிடித்திருக்கும் அந்தக் கைதான் முதலில் கண்ணில் பட்டது. இந்த வருடம் பின் இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு போக வேண்டும், அந்த வளைவைத் தனியாகத் தாண்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். அதை ஆரினிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. வாணலி வந்து உதவியது.

ஆரினும் ஒரு காலத்தில் சொந்த விமானம் வைத்திருந்தவன். மரம் ஏற்றும் லாரி ஓட்டிச் சம்பாதித்து வாங்கியது. சர்க்கரைக்கு ஊசி போட வேண்டி வந்தபோது விமானம் ஓட்டுவதற்கான மருத்துவச் சான்று போயிற்று. திரும்ப வாங்கக் கேட்ட காகிதங்களில் பாதியைக் கொடுத்துவிட்டு அலுத்துப்போய் விமானத்தை விற்றுவிட்டான். வருடத்துக்கு ஒரு முறை, ஜூலையில், வெண்டெலுக்குப் பின்னால் உட்கார்ந்து போவதுதான் அவனுக்கு மிஞ்சியிருந்தது. இதெல்லாம் வெண்டெலுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

விட்டுவிடுவான் என்று நினைத்தான். ஆரின் விடவில்லை.

முதல் வாரம் போன் பண்ணி நாலு பவுண்டு போய்விட்டது என்றான். பிறகு ரொட்டியை விட்டான், பியரை விட்டான், உருளைக்கிழங்கை விட்டான். ஊர் உணவுக்கடையில் பன் இல்லாமல் வெறும் இறைச்சித் துண்டைக் கேட்டு வாங்கித் தின்றான். பரிமாறுகிற பெண், எவளைக் கட்டிக்கப் போறே என்று கேட்டாளாம். கூடாரத்தை மாற்றினான். இரும்பு வாணலிப் பேச்சையே எடுக்கவில்லை. பல் தேய்க்கும் பிரஷின் காம்பைப் பாதியாக வெட்டிவிட்டதாகச் சொன்னபோது வெண்டெல் போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் ஓர் எண் வந்தது. ஒவ்வொரு முறையும் வெண்டெல், பரவாயில்லையே என்றான்.

ஒரு வாக்கியம் போதும். திரும்பக் கணக்குப் போட்டேன், தப்பாகப் போட்டிருந்தேன், வா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் வருவான். பின்னால் உட்காருவான். அந்தக் கை அங்கே இருக்கும். வெண்டெல் மர ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டு இதையே புரட்டினான். ஆரினின் எடை குறையக் குறைய இவன் நிம்மதி கெட்டது. ஆரின் முப்பதைத் தொட்டுவிட்டால் அடுத்து என்ன சொல்வது என்றுகூட ஒரு நாள் யோசித்தான். எஞ்சினில் கோளாறு என்று சொல்லலாமா என்று பார்த்தான். அப்படி யோசித்ததற்கு வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே, எஞ்சினில் எந்தப் பாகம் என்று சொன்னால் நம்புவான் என்பதையும் யோசித்து முடித்தான்.

ஜூலை பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் அவன் மனைவி ஜனெல் வேலையிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் பேசினாள். அவள் பண்ணைப் பொருள் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். ஆரின் கடைக்கு வந்தானாம். மாட்டு உப்புக்கட்டி அடுக்கியிருக்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டானாம். முகம் சாம்பல் நிறம், சட்டை நனைந்திருந்தது. அவள் ஓடிப்போய் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து ஊட்டினாளாம்.

"ஊசி போட்டுக்கறவன் பட்டினி கெடந்தா என்ன ஆவான்னு உனக்குத் தெரியாதா? கண்ணத் தெறந்ததும் என்ன சொன்னான் தெரியுமா? வெண்டெல்கிட்ட சொல்லிடாத, அப்புறம் கூட்டிட்டுப் போக மாட்டான்னு சொன்னான்."

வெண்டெல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான்.

"அந்த டயர என்ன ஈயத்துலயா செஞ்சிருக்கு?" என்றாள் ஜனெல்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் வெளியே போய்த் தன் வண்டிக்குள் உட்கார்ந்தான். அப்போதே ஆரின் வீட்டுக்குப் போயிருக்கலாம். சாவியைப் போட்டான், எடுத்தான், வேலைக்குப் போய்விட்டான்.

ஆரினே கூப்பிட்டான். சனிக்கிழமை மெர்லின் கொட்டகைக்கு வா, கிளம்புகிற நாளில் கூட்டமாக இருக்கும், முன்னாலேயே ஒரு தரம் ஏறிப் பார்த்துவிடலாம், நீயே முள்ளைப் படி என்றான். குரலில் கர்வம் இருந்தது.

கொட்டகைக்கு வெளியே மெர்ல் தன் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான். உள்ளே ஆரின் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் கழுத்துச் சதை தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தான். தராசில் ஏறினான். முள் ஆடி நின்றது.

முப்பதுக்கு மேலேயே குறைந்திருந்தது.

"சத்தமா படி," என்றான் ஆரின்.

வெண்டெல் படிக்கவில்லை. "எறங்கு," என்றான்.

"ஏன், என்ன காட்டுது?"

"எறங்குடா. டயர்ல ஒண்ணும் இல்ல. மே மாசமே எடை சரியாத்தான் இருந்துது. நான்தான் பொய் சொன்னேன்."

ஆரின் இறங்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டு அவனைப் பார்த்தான். வெண்டெல் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னான். வளைவு, கை, பின்னாலிருந்து பிடி நகர்ந்தது, அதற்குப் பிறகு ஆரின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. சொல்லும்போது அது இத்தனை வாரம் உள்ளே இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அதுவா?" என்றான் ஆரின். "எனக்கும் கை நின்னு போயிருக்கு. அப்ப எனக்குப் பின்னால யாரும் இல்ல, பைன் மரம் ரெண்ட மொட்டையடிச்சுட்டுப் போனேன். அதச் சொல்லிச் சிரிப்பேன்னு பயந்தியா?"

"நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். அதுதான்."

ஆரின் தராசிலிருந்து இறங்கினான். முதுகுப் பையைக் கழற்றி வைத்தான்.  

"உன் கை நின்னதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வரவேண்டாம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டிருப்பேன். எடையில போய் பொய் சொன்ன பாரு."

"கூட்டித்தான சொன்னேன். கொறைச்சுச் சொல்லல. அதனால யாருக்கும் எதுவும்..." என்று ஆரம்பித்த வெண்டெலுக்குக் கடைத் தரையும் ஆரஞ்சுச் சாறும் நினைவுக்கு வந்தன. நிறுத்திக்கொண்டான்.

"இன்னிக்கு எனக்குக் கூட்டிட்ட," என்றான் ஆரின். "நாளைக்கு யாருக்குக் கொறைப்ப?"

வெண்டெல், வா, நாம் போகலாம், நீயே முன்னால் உட்கார் என்றெல்லாம் சொன்னான். ஆரின் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். வெண்டெலும் பின்னால் போனான்.

மெர்ல் இறக்கையின் அடியில் நின்று பெட்ரோல் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஆரின் அவனிடம் பின் இருக்கையில் ஆள் உண்டா என்று கேட்டான். மெர்ல் முதலில் சிரித்தான், என்ன, புருஷன் பெண்டாட்டிச் சண்டையா என்றான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"வெண்டெல் ஏன் கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டான்.

"அவனே சொல்லுவான்," என்றான் ஆரின்.

மெர்லிடம் சொன்னால் ஜூலை நெருப்பைச் சுற்றி உட்காரும் எல்லோரிடமும் சொன்ன மாதிரி. வெண்டெலுக்கு அது தெரியும். எஞ்சின் கோளாறுப் பொய் இன்னும் மனதில் தயாராகத்தான் இருந்தது. பாகத்தின் பெயர்கூட.

"எடைக் கணக்கப் பொய்யா சொன்னேன். அவன் வரக்கூடாதுன்னு," என்றான்.

மெர்ல் குழாயைக் கீழே வைத்தான். ஏன் என்று கேட்பான் என வெண்டெல் காத்திருந்தான். அதற்கான பதிலையும் சொல்லத் தயாராக இருந்தான்.

"எவ்வளவு?" என்றான் மெர்ல்.

"முப்பது."

மெர்ல் தலையாட்டினான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆரினை மேலும் கீழும் பார்த்தான், தொங்குகிற சட்டையைப் பார்த்தான். விமானத்துக்குள் கைவிட்டுத் தன் மதியச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, சாண்ட்விச்சை அவனிடம் நீட்டினான். ஆரின் வாங்கி நின்றபடியே கடித்தான். ரொட்டியோடு கடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"வா, ஏறி நில்லு. என்கூட வரணும்னா நான் படிக்கணும்," என்றான் மெர்ல்.

"இதத் தின்னு முடிச்சுட்டு வரேன்."

"தின்னாலும் உன்னோடதான வரப்போவுது. வா."

இரண்டு பேரும் கொட்டகைக்குள் போனார்கள். வெண்டெல் வாசலில் நின்றான். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை, போகவில்லை. தராசுப் பலகை கிறீச்சிட்டது. பிறகு அமைதி. மெர்ல் குனிந்து முள்ளைப் படித்தான், எண்ணை ஆரினிடம் மெதுவாகச் சொன்னான். வாசல்வரை அது கேட்கவில்லை.