ஒரே நிறத் தாடைகள்

பதினேழாவது தாடை அறுநூற்றுப் பத்து நியூட்டன் அழுத்தத்தில்தான் விட்டுக்கொடுத்தது. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன் அந்த எண்ணைக் குறித்துவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தான். பிசினில் வார்த்த செயற்கைத் தாடைகள் இருபது. எலும்பு முறிந்ததுபோல் ஒவ்வொன்றையும் அறுத்து, பத்தைப் பழைய உலோகத் தகட்டாலும், பத்தைப் புதிய மெல்லிய தகட்டாலும் திருகி இணைத்திருந்தார்கள். மெஷின் கடைவாய்ப் பல்லின் மேல் அமுக்கும். இணைப்பு விலகியதும் நின்றுவிடும். பழையவை எல்லாம் நானூற்றை ஒட்டியே கைவிட்டன. புதியது ஒன்றுகூட ஐந்நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. பாதி கனமுள்ள தகடு இவ்வளவு தாங்குமா? கடைக்காரர் கூடுதலாக நிறுத்துப் போட்டாலும் சந்தேகப்படுகிற ஆள் என்று மனைவி அவனைக் கேலி செய்வதுண்டு.

ஏணியிலிருந்து விழுந்து தாடை உடைந்த அக்காவின் கணவர் மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். மறுநாள் காலை ஆபரேஷன். இந்த ஆராய்ச்சியை நடத்தும் அதே டாக்டர் அம்மாதான் செய்யப்போகிறார். விற்பனைக்கு வந்துவிட்ட அந்தப் புதிய தகட்டைத்தான் வைக்கப்போகிறார்.

மதியம் அக்கா போன் செய்தாள். "நீதானடா அமுக்கிப் பாக்குற? நல்லதுன்னா நல்லதுன்னு சொல்லேன்."

"பாத்துட்டு சொல்றேன்க்கா."

"இன்னும் என்னத்தப் பாக்கப்போற?"

போனை வைத்ததும் தகடுகளைக் கழற்றினான். திருகாணிகளை அளந்தான், எல்லாம் ஒரே நீளம். வேறெதுவும் தோன்றாமல், வெறும் தாடைகளைத் தராசில் வைத்தான். புதிய தகடு இருந்த ஒவ்வொரு தாடையும் எட்டு ஒன்பது கிராம் அதிகம். ஒரே நிறம், ஒரே அச்சு, ஆனால் உள்ளே பிசின் வேறு, அடர்த்தியும் உறுதியும் கூடியது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். அவன் வகைக்கு ஒன்றாக இரண்டு தாடைகளை மாற்றி மாற்றித் தராசில் வைத்துக்காட்டி, அவர் முகத்தையே பார்த்தான்.

"எந்தத் தாடைக்கு எந்தத் தகடுன்னு யார் பிரிச்சு வெச்சது?"

"ரெண்டு பெட்டியா பிரிச்சேதான் வந்துது டாக்டர். எந்தப் பெட்டிக்கு எந்தத் தகடுன்னு புதுத் தகட்டைச் செய்யுற கம்பெனியே சீட்டு ஒட்டியிருந்தாங்க. பெட்டியக் கொண்டுவந்தது நீங்க."

"அப்ப என்னைத்தான் சந்தேகப்படுறீங்க."

அவன் மறுக்கவில்லை. "நாளைக்கு நீங்க திருகப்போறது எங்க மாமா தாடையில."

டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். எடை குறைந்த தாடைகளின் பெட்டியில், உபரியாக வந்த இரண்டு தாடைகள் அறுக்கப்படாமல் மிச்சமிருந்தன. அவரே அறுத்து, அவரே புதிய தகட்டைத் திருகினார். முதலாவது முந்நூற்று எழுபதில் விலகியது. அடுத்தது முந்நூற்று எண்பது.

"ரெண்ட வெச்சு எதுவும் சொல்லிட முடியாது," என்றார், மெஷினைப் பார்த்தபடி. "மொத்தத்தையும் திரும்பச் செய்யணும். நாளைக்குப் பழையதே வைக்கிறேன்."

அவன் தலையாட்டினான். சதையை மூடித் தைத்த பிறகு உள்ளே எந்தத் தகடென்று யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் மனது சொல்லிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டுக்குப் போனவன், மாமாவை நலம் விசாரிக்கும் முன்பே எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பழைய தகடுதான், தடித்த வெள்ளைக் கோடாக. படத்தைத் திரும்ப உறையில் நுழைத்தான்.

"இப்பவாவது திருப்தியா?" என்றாள் அக்கா.

வாய் வரை வந்த 'ஆமாம்' நின்றுவிட்டது. இந்தப் பழைய தகட்டை முதன்முதலில் அமுக்கிப் பார்த்தவன் எவன்? அவனுக்குத் தாடைகளை அனுப்பியது யார்?

மாமா ஸ்ட்ராவில் பால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். வீங்கிய கன்னத்தில் ஒரு சொட்டு வழிந்தது. அக்கா துண்டின் நுனியால், தாடையில் கை படாமல், அதை ஒற்றி எடுத்தாள்.