கிருமி இல்லாத கழிமுகம்

கிழக்குக் கடற்கரை வாழ் சகல ஜீவராசிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், 2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி முதல், கோவளம் கழிமுகத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி ஒன்றுகூட இல்லை. அறிவித்தவர், கரையோர நுண்ணுயிர்க் கண்காணிப்பு நிலையத்தின் இயக்குநர் முனைவர் ஜானகிராமன். ஆதாரம், அத்தகைய கிருமிகளைத் தேடும் திட்டத்தின் தொடக்க விழாவில் மேளதாளத்தோடு அவரே மொண்ட ஒரு பாட்டில் தண்ணீர்.

அதை நிலையத்தின் செங்கல்பட்டு ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தவள் ஹரிப்ரியா. கிருமி வளர்க்கும் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. கழிமுகத் தண்ணீரில் ஒன்றுமே முளைக்காதது, கல்யாணப் பந்தியில் ஒருவருமே உட்காராதது மாதிரி. அவளுக்குச் சந்தேகம். இயக்குநருக்குப் பரமானந்தம்.

"தொடங்கும்போதே வெற்றி! ரிப்போர்ட்டை எழுதிடும்மா, மாசக் கடைசியில திட்டத்தை முடிச்சுடலாம்."

மறுநாள் அவள் கோவளத்துக்குப் பஸ் ஏறினாள். கழிமுகக் கரையில் மீன்காரி வச்சலா இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படகில் சாய்ந்தபடி அவள் புருஷன் சடையன், இடது காலில் கட்டோடு. வலை இழுக்கும்போது சிப்பி கிழித்த காயம். சர்க்கரை வேறு. இரண்டு மாதம், மூன்று வகை மாத்திரை, ஆறவில்லை. இப்படியே போனால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தத் தண்ணியில கிருமியே இல்லைன்னு வந்திருக்குக்கா" என்றாள் ஹரிப்ரியா.

"எப்பிடி இருக்கும்? பெரிய மனுசன் வராருன்னு உங்காளுங்க முந்தின நாளே மூட்டை மூட்டையா பிளீச்சிங் பவுடரு கொட்னாங்களே. மீனே மல்லாந்து மெதந்துச்சு. கிருமி இன்னா, எங்க மாமியாரே ஓடிப்பூட்டிருப்பா."

"எங்கம்மாவ இன்னாத்துக்குடி இஸ்க்கிற?" என்றான் சடையன்.

விருந்தாளி வந்தால் கோலம், அதிகாரி வந்தால் பிளீச்சிங் பவுடர். இது நம் பண்பாடு. ஆகவே யாரும் வராத நாளில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஜீப் கேட்டால் இயக்குநருக்குத் தெரிந்துவிடும், இயக்குநருக்குத் தெரிந்தால் மேளத்துக்கும் தெரிந்துவிடும். பாட்டிலை ஐஸில் கொண்டுபோக வேண்டிய நிலையத்தின் குளிர்பெட்டியோ, விழா நாள் முதல் இயக்குநரின் இளநீரைக் குளிரவைக்கும் பணியில் இருந்தது.

"நான் தெனம் செங்கல்பட்டுக்குத்தான மீன் எடுத்தாறேன்? பாட்டில குடு. ஐசு கீது, பஸ்சு கீது. வேற இன்னா வேணும்?"

ஆக, நாட்டின் நுண்ணுயிர்க் கண்காணிப்பு மீன் கூடைக்குள் போயிற்று. முதல் நாளே கண்டக்டர் கூடையை இறக்கச் சொன்னார்.

"எறக்கு பாக்கலாம், அண்ணாத்த. உள்ள கெவர்மெண்டு கிருமி கீது" என்றாள் வச்சலா. கண்டக்டர் பின்வாசலுக்குப் போய்விட்டார். பக்கத்து சீட்டும் காலியானது.

திருப்போரூர் தாண்டி, ஐஸ் உருகுமுன் பாட்டில் ஆய்வுக்கூடம் சேர்ந்துவிடும். நான்கு நாளில் வந்த நான்கு பாட்டில் தண்ணீரிலும் கிருமி கூழாகப் பொங்கியது. ஹரிப்ரியா தட்டில் ஆறு வகை மருந்து தோய்த்த வில்லைகளை வைத்தாள். வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெற்று வட்டம் விழுந்தால் மருந்து ஜெயித்ததாக அர்த்தம். ஐந்து வில்லைகளின் விளிம்புவரை கிருமி வந்து சௌகரியமாகக் குடியேறியிருந்தது. ஆறாவதைச் சுற்றி மட்டும் அழகான வட்டம்.

தோற்ற ஐந்தில் மூன்று, சடையன் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகள்.

அவள் அவன் புண்ணிலிருந்தும் பஞ்சில் ஒற்றியெடுத்துப் பார்த்தாள். அதே கிருமி, அதே ஐந்து தோல்வி, அதே ஒரு வட்டம். இரண்டு பரிசோதனைத் தாள்களோடு சடையனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் படித்துவிட்டு, மாத்திரைகளை நிறுத்தி, அந்த ஆறாவது மருந்தை ஊசியாகப் போட்டார். பத்தாம் நாள் சீழ் நின்றது. ஒரு மாதத்தில் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

"காலு எனக்கே எனக்குன்னு சொல்லிட்டாரு" என்றான் சடையன். வச்சலா அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அப்புறம்தான் அழுதாள்.

ஹரிப்ரியாவின் ரிப்போர்ட்டை ஜானகிராமன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். மறுநாள், இதைத்தான் தாம் ஆரம்பத்திலிருந்தே சந்தேகித்ததாக அறிவித்தார். திட்டம் மூன்று வருடம் நீண்டது. வாராவாரம் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கிருமி எந்தக் குழாயிலிருந்து கலக்கிறது என்று தேடும் வேலை வச்சலாவுக்கு. கழிமுகக் கரையிலேயே பாராட்டு விழா என்று முடிவாயிற்று. பொன்னாடை வாங்க அவளோடு சடையனும் இரண்டு காலால் மேடையேறுவதாக ஏற்பாடு.

விழாவுக்கு முந்தின நாள் பன்னிரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் வந்து இறங்கியது.