வாய்த்துணி

“பாலம் தாண்டி இஸ்ஃபஹானுக்குள்ள எதுக்குப் போனான்னு அவகிட்ட கேளு,” என்றார் அகாஸார், மனைவி ஷூஷனைப் பார்த்து.

பதில் சொல்ல வேண்டியவள் மூன்றடி தூரத்தில்தான் நின்றாள். அவருடைய தம்பி மினாஸின் மனைவி கயானே. மூக்குக்குக் கீழே வாயை மூடி வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். ஆற்றுக்கு இக்கரையில், ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் வாழும் எங்கள் ஜுல்ஃபாவில் மருமகளாக வருகிறவள் கணவன் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் பேசக் கூடாது. பிள்ளை பிறந்ததும் சில வீடுகளில் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் பதினோரு வருஷமாகியும் விடவில்லை. வியாபாரத்துக்குப் போன மினாஸ் சூரத்தில் இறந்துவிட்டதாகப் போன மாதம் செய்தி வந்தபோதும் அவள் துணிக்குள்தான் அழுதாள்.

கயானே தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். மகள் படுத்திருந்த அறையைக் காட்டினாள். மருந்து இடிப்பதுபோல் கையசைத்தாள். எங்கே என்று ஷூஷன் கேட்டதற்கு, தொழுகிறவர்கள்போல் காதருகே கைகளை உயர்த்தினாள். வைத்தியர் கடை பள்ளிவாசலை ஒட்டி இருந்தது.

“பள்ளிவாசல் பக்கம் போனாளாம். மத்தத நீங்களே புரிஞ்சுக்குங்க,” என்றாள் ஷூஷன்.

அகாஸார் எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழிட்டார். காரணம் பாரசீக மன்னர் ஷாவின் சட்டம். கிறிஸ்தவர்களில் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினால், சொந்தக்காரர்களின் சொத்து முழுவதையும் அவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் அண்ணன் தம்பியை நம்புவதில்லை. எவனாவது வெள்ளிக்கிழமை நல்ல சட்டை போட்டால் போதும், அவன் வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்காது.

மாலைக்குள் தேவாலயத்துச் சாமியார் வரவழைக்கப்பட்டார். மேஜையில் சுவிசேஷப் புத்தகம் வைக்கப்பட்டது. கயானே மதம் மாற மாட்டேன் என்று அதன்மேல் சத்தியம் செய்ய வேண்டும். மினாஸின் சொத்துப் பங்கை மூத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கன்னிமாடத்துக்குப் போய்விட வேண்டும். மகள் இங்கேயே இருப்பாள்.

“சம்மதமாம்மா?” என்றார் சாமியார்.

கயானே தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள்.

“புருஷன் போன துக்கம், சாமி. தலை அப்படித்தான் ஆடுது,” என்றாள் ஷூஷன்.

“வாயால மாட்டேன்னு சொல்லலையே. எழுதிடுங்க,” என்றார் அகாஸார்.

சாமியார் இறகை மையில் தோய்த்தார். கயானே துணியைக் கீழே இழுத்தாள்.

“எனக்குச் சம்மதம் இல்ல, சாமி.”

கரகரத்த குரல். பார்க்கக் கூடாததைப் பார்த்தவர்போல அகாஸார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“புள்ளைக்குக் காய்ச்சல். வைத்தியர்கிட்ட போனேன். அக்காகிட்ட அதைத்தான் காட்டினேன்.”

சாமியாருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. “சரிம்மா, பங்கு பேச்சு அப்புறம். மாற மாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணிடு.”

கயானே குனிந்து புத்தகத்தை முத்தமிட்டாள். கையை மட்டும் அதன்மேல் வைக்கவில்லை.

“கர்த்தருக்கு என்னைத் தெரியும். இவருக்கு நான் எதுக்குச் சொல்லணும்? சத்தியம் பண்ணிட்டா இவருக்குப் பயம் விட்டுப்போயிடும், மறுநாளே என்னைக் கன்னிமாடத்துல தள்ளிடுவாரு. எம் புள்ளையும் அவ அப்பன் பங்கும் என்கிட்டயே இருக்கட்டும்.”

“மிரட்டுறியா?” என்றார் அகாஸார். அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

“இல்ல, மூத்தவரே. பதினோரு வருஷம் என் வாயைக் கட்டி வச்சீங்க. அது என்ன சொல்லுமோன்னு இப்ப நீங்கதான் நடுங்குறீங்க.”

மருந்து கரைக்க அவள் உள்ளே போய்விட்டாள். எழுதாத காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு சாமியாரும் கிளம்பினார்.

வெகுநேரம் கழித்து அகாஸார் மனைவியிடம் கேட்டார். “என்ன செய்றா?”

“புள்ளைக்கு மருந்து குடுத்துட்டுச் சும்மா உக்காந்திருக்கா.”

“ஏதாவது பேசினாளா?”

“ஒண்ணும் பேசல. துணியை மறுபடி கட்டிக்கச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்,” என்றார் அகாஸார். “ஏதாவது பேசச் சொல்லு. அவ பேசாம இருந்தாத்தான் பயமா இருக்கு.”