கையை அசைக்காதே

மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தைச் சுமந்துகொண்டு, ஒரு கண்ணில் வில்லையும் மறு கண்ணில் கறுப்பு மூடியுமாக உட்கார்ந்திருந்த அந்த வாடிக்கையாளர், எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைப் படிப்பதை விட்டுவிட்டு நியாயம் பேச ஆரம்பித்தார்.

“நில்லுன்னா நிக்க வேண்டியதுதானே? அதுல என்ன கஷ்டம்? மூணு தடவ சொல்லியிருக்காங்க.”

“சார், கடைசி வரியப் படிங்க,” என்றார் கண்ணாடிக் கடை முதலாளி.

“அது தெரியல. ஆனா இது நல்லாத் தெரியுது. நின்னிருந்தா அந்த ஆள் இன்னிக்கு உயிரோட இருப்பான்.”

பின்னறையில் வில்லைகளைத் தேய்க்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தப் பேச்சு ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டது. பதினோரு வருடமாக அந்த முக்காலியில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. இயந்திரம் சுற்றும்போது ஈரத்தூள் தெறித்து முழங்கை வரைக்கும் வெள்ளையாகிவிடும். வில்லையின் ஓரத்தைச் சட்டத்தின் பள்ளத்துக்குச் சரியாகத் தேய்ப்பது விரல் நுனியில் இருக்கும் வேலை. மனது வேறெங்கோ போய்விட்டால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். இப்போது காட்டிக்கொடுத்தது. “நில்லுன்னா நிக்க வேண்டியதுதானே” என்று அந்த மனிதர் இரண்டாம் முறை சொன்னபோது விரல் அழுந்தி, வில்லையின் ஓரம் பிறை மாதிரி உடைந்து தொட்டியில் விழுந்தது.

சம்பவம் நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. லிப்ட் பழுது பார்க்கும் ஒருவன் வேலை முடிந்து, பேருந்துப் பணிமனையின் பின்சுவரை ஒட்டி நடந்து போயிருக்கிறான். யாரையோ துரத்திவந்த போலீஸ்காரர்கள் சட்டையின் நிறத்தைப் பார்த்து இவன்தான் என்று நினைத்திருக்கிறார்கள். நில் என்று கத்தியிருக்கிறார்கள். அவன் காதில் பாட்டுக் கேட்கும் ஒயர். மூன்றாவது கத்தலுக்குத் திரும்பியவன் கால்சட்டைப் பையில் கையை விட்டிருக்கிறான். இரண்டு குண்டுகள். பையில் இருந்தது கைபேசி. மாடியிலிருந்து யாரோ எடுத்த ஏழு நொடி வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அன்றிலிருந்து பேருந்தில், தொலைக்காட்சியில், கடை வாசலில் எங்கே பார்த்தாலும் இதே வழக்குத்தான். பாட்டை நிறுத்தத்தான் கையை விட்டான் என்று ஒரு கட்சி. அது அந்தப் போலீஸ்காரனுக்கு எப்படித் தெரியும், பையிலிருந்து துப்பாக்கி வந்திருந்தால் என்ன பண்ணுவது என்று மறு கட்சி. இரண்டு கட்சியும் மூச்சு வாங்கப் பேசின. 

அவளுடைய தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

அவனுக்கு வீட்டிலும் தெருவிலும் ஒரே பெயர்தான்: சத்தம். சின்ன வயதில் அவன் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரும். தட்டை வைத்தால் டங்கென்று வைப்பான். தான் எழுப்பும் ஓசை தனக்குத் தெரியாதவனிடம் எப்படிக் கோபப்படுவது? “வந்துட்டான்டா சத்தம்” என்று யாரோ சொல்லி, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அவனுக்கே அதன் பொருளைச் சைகையில் விளக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது இருபத்தெட்டு வயது. சோபா தைக்கும் பட்டறையில் வேலை. பிளாஸ்டிக் டப்பாவில் ஆணிகளும், நீள ஊசியும், பெரிய கத்தரியும் போட்டுத் தோள்பையில் மாட்டிக்கொண்டு, காலையும் மாலையும் இருபது நிமிடம் தனியாக நடக்கிறான். அந்தக் கத்தரியைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

முதலாளி பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். தொட்டியில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

“பரவால்ல, வேற தேச்சுக்கலாம். அந்த ஆள் போயாச்சு,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பிய நினைச்சியாம்மா?” என்று கேட்டார்.

அவள் புது வில்லை ஒன்றை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் தடித்த அட்டை ஒன்றை வெட்டி, பட்டையான பேனாவால், ‘எனக்குக் காது கேட்காது’ என்று எழுதினாள். தம்பி வந்ததும் அவன் சட்டைப் பையில் செருகினாள். யாராவது போலீஸ்காரர் நிறுத்தினால் உடனே இதை எடுத்துக் காட்டு என்று சைகையில் சொன்னாள். போலீசுக்கு அவர்கள் வீட்டுச் சைகை, தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. அவன் தலையாட்டினான். எங்கே, செய்து காட்டு என்றாள். அவன் அக்காவையே போலீஸாக வைத்துக்கொண்டு, பளிச்சென்று கையைப் பைக்குள் விட்டான்.

 அந்த வீடியோவின் ஏழு நொடியில் நாலாவது நொடி அப்படியேதான் இருக்கும்.

பாய்ந்துபோய் அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். அவன் திருதிருவென்று விழித்தான். சட்டை முதுகில் தைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதைச் சைகையில் சொல்லவும் செய்தாள். அவன் முகம் சுருங்கியது. “நான் என்ன பார்சலா, மேல எழுதி ஒட்டுறதுக்கு?” என்று கைகளால் கேட்டான்.

அட்டை வேண்டாம். அப்படியானால் கைதான். யாராவது போலீஸ் எதிரே வந்து வாயை அசைத்தால், இரண்டு கையையும் மேலே தூக்கு, அப்படியே நில், அசைக்காதே. கூடத்தின் நடுவே நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். முதலில் அவனுக்கு விளையாட்டாக இருந்தது. தூக்கிய கைகளோடு இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் போட்டான். அவள் சிரிக்கவில்லை. நாலாவது தடவை அவன் கைகளை இறக்கிவிட்டுக் கேட்டான்:

“கைய அசைக்காம நான் எப்படிப் பேசுறது?”

 அவன் விடவில்லை. “நீ வாய மூடிக்கிட்டு, உனக்குக் காது கேக்கும்னு சொல்லிக் காட்டு, பாக்கலாம்.”

தன் கைபேசியை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினாள். அவன் பார்க்கவே இல்லை. திரையை உள்ளங்கையால் மூடினான். பட்டறையில் எல்லோரும் காட்டிவிட்டார்கள் என்றான். ராத்திரி படுத்தால் அதுதான் வருகிறது என்றான். தூக்கத்தில் வரும் கனவில்கூடச் சத்தமே இல்லாமல் சுடுகிறார்கள் என்று அவன் சொன்னபோதுதான், பயப்படுவது தான் மட்டுமல்ல என்பது அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகக் கூடத்தில் பொதுக் கூட்டம் போட்டார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் வருகிறார், பெண் வக்கீல் ஒருவர் வருகிறார், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். பட்டறையில் அரைநாள் வேலை முடித்துத் தோள்பையோடு வந்த தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். ஏன் கூட்டிக்கொண்டு போனாள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். தனியே வீட்டில் விட்டுப் போகப் பயம். அவ்வளவுதான்.

கூடம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் செத்துப்போனவனின் அண்ணன், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் பேசுகிறவரின் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா, கையில் ஆயுதம் இல்லாதவனைச் சுட எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று கேட்டார். பின்வரிசையில் கைதட்டல். அதிகாரி நாற்பது வயதுக்காரர். கத்தவில்லை, யாரையும் மிரட்டவில்லை.

“ஆயுதம் இல்லன்னு இப்ப உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்க நின்னவனுக்குத் தெரியாது. அரை நொடி கூட இல்ல. எங்க பசங்களும் பயந்துக்கிட்டுதாங்க நிக்கிறாங்க. போன வருஷம் என் கூட வேலை பாத்தவரு, ஒருத்தன் பையிலேர்ந்து கத்தி வந்து போய்ச் சேந்தாரு. அவருக்கும் ரெண்டு குழந்தைங்க.”

அவர் சொன்னதில் பொய் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் அவர் ஒருவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எழுந்து நின்றுவிட்டாள். யாரோ ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்கள்.

“ஐயா, இது என் தம்பி,” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைச் சுட்டினாள். “காது கேக்காது. நீங்க நில்லுன்னு முன்னூறு தடவ சொன்னாலும் இவன் நிக்க மாட்டான். என்ன பண்ணணும் இவன்?”

இருநூறு தலைகள் ஒரே சமயத்தில் திரும்பின. அதிகாரி சற்று யோசித்தார். “ஏதாவது அட்டை மாதிரி எழுதி வச்சுக்கச் சொல்லுங்கம்மா. பாத்தா புரிஞ்சுக்குவாங்க.”

“எங்க வச்சுக்கணுங்கய்யா? பாக்கெட்லயா?”

 கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். முதல் வரிசையிலிருந்த அண்ணன் தலையைத் தூக்கி, முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தார். அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, “நியாயமான கேள்வி” என்றார். பிறகு குறிப்பேட்டை மூடினார்.

அவள் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

என்ன பேசினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அக்கா விரலை நீட்டியதும் இருநூறு பேர் தன்னை ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்ததும் மட்டுந்தான் தெரியும். இடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். மாலை வெயில் இன்னும் இருந்தது. தெருவின் பாதி தூரத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு விடுவிடுவென்று அவன் போய்க்கொண்டிருந்தான். கோபம் வந்தால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். திரும்பிப் பார்க்காதவனைக் கூப்பிட உலகத்தில் ஒரு வழியும் கிடையாது.

அடுத்த திருப்பத்தில், ஊர்வலம் வரப்போகிறது என்று சாலையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு ஜெனரேட்டர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே ஒதுங்கி நின்றார்கள். தம்பி குனிந்து கயிற்றுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனான். அது அவன் தினமும் பட்டறைக்குப் போகும் வழி.

“ஏய்! நில்லு!”

கயிற்றுக்குப் பக்கத்தில், மீசை சரியாக முளைக்காத போலீஸ்காரன் ஒருவன். அவன் கை இடுப்புக்குப் போயிருந்தது.

“நில்லுடா! உன்னத்தான்!”

“காது கேக்காது! அவனுக்குக் காது கேக்காது!” என்று அவள் கத்தினாள். ஜெனரேட்டர் அவள் குரலை விழுங்கிவிட்டது. ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஓடினால் இன்னும் மோசம் என்று புத்தி பிடித்து நிறுத்தியது. அவளுக்கும் தம்பிக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும்.

சாலையின் எதிர்முனையில் நின்ற ஜனங்களின் முகம் மாறியதைத் தம்பி பார்த்துவிட்டான். முகங்களைப் படித்தே வளர்ந்தவன். தனக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று புரிந்து திரும்பினான். துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கூடத்தில் திரும்பத் திரும்பப் பழகியது எல்லாம் எங்கே போயிற்றோ. பயத்தில் யாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பேசினான். என்ன ஆச்சு, நான் ஒண்ணும் பண்ணல, வேலைக்குப் போற வழி, எனக்குக் கேக்காது என்று இரண்டு கைகளும் மார்புக்கும் காதுக்கும் தோள்பைக்குமாகப் பறந்தன.

“கைய அசைக்காத! கைய அசைக்காதடா!”

போலீஸ்காரனின் குரல் உடைந்தது. துப்பாக்கி தம்பியின் மார்புக்கு நேரே உயர்ந்தது.

அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தாள். கயிறு இடுப்பில் தட்டியது. கைகளை முன்னால் நீட்டியபடியே மெதுவாகக் குனிந்து அதற்கடியில் நுழைந்து மறுபடி தூக்கினாள்.  துப்பாக்கியைப் பார்க்காமல் தம்பியின் கண்ணை மட்டும் பார்த்தபடி போய், இரண்டு பேருக்கும் நடுவில், போலீஸ்காரனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தூக்கிய கைகளை அசைக்காமல், உதட்டை மட்டும் அசைத்தாள். தம்பி. தம்பி. என்னப் பாரு.

அவன் பார்த்தான். அவன் கைகள் நடுக்காற்றில் பாதிச் சொல்லில் நின்றன.

முதுகின் நடுவில், சரியாக ஒரு காசு அகலத்துக்கு, அவளுக்குச் சில்லிட்டது. தன்னையறியாமல் மறுபடி கத்த ஆரம்பித்திருந்தாள்; எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு வேறு ஒரு குரல், வயதான குரல் கேட்டது: “எறக்குடா. எறக்குன்னு சொல்றேன்ல. அந்தம்மா என்ன சொல்லுதுன்னு கேளு.” ஜெனரேட்டரை யாரோ நிறுத்தினார்கள். திடீரென்று வந்த அமைதியில் அவள் வாய் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. “காது கேக்காதுங்க. காது கேக்காதுங்க.”

மூத்த போலீஸ்காரர் தோள்பையைத் திறந்து பார்த்தார். கத்தரியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “எல்லாரும் ஒரு மாதிரி இருக்கோம்மா, இந்த நாலஞ்சு நாளா. கூட்டிட்டுப் போங்க,” என்றார். இளையவன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மன்னிப்புக் கேட்பான் என்றும் தோன்றியது, வாந்தி எடுப்பான் என்றும் தோன்றியது. இரண்டும் நடக்கவில்லை.

அவர்கள் நடந்தார்கள். கடைத்தெரு எப்போதும்போலத்தான் இருந்தது. அவள் முன்னால் போய் அவன் முகத்துக்கு நேரே, “தண்ணி வேணுமா?” என்று சைகையில் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. “கோபமா?” அதற்கும் இல்லை. கைகளை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு அவன் நடந்தான். எதிரே வந்தவர்கள் அந்தக் கைகளையும் பிறகு முகத்தையும் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். தொட்டு அவற்றைக் கீழே இறக்கிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. தொடப் பயமாகவும் இருந்தது.

துணிக்கடை வாசலில் தள்ளுபடி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த பெண், விரித்த கையைப் பார்த்ததும் கேட்கிறான் என்று நினைத்து ஒரு மஞ்சள் தாளை அதில் வைத்தாள். அவன் விரல்களை மடக்கவில்லை. தாள் உள்ளங்கையின் மேல் அப்படியே பத்துப் பன்னிரண்டு அடி கூட வந்தது. பிறகு காற்று அதன் ஓரத்தைத் தூக்கியது. தாள் புரண்டு சாலையில் விழுந்தது. அவன் குனிந்து பார்க்கவில்லை. கை மட்டும் அப்படியே விரிந்திருந்தது.