தர்சினியை ஏன் ஒருவரும் பேய்க்காட்டவில்லை

ஏப்ரல் முதலாம் திகதி விடிந்தால் மடத்துவெளியில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பமாட்டார். நம்பாமல் இருந்தும் ஏமாறுவார்கள். அதுதான் அந்த நாளின் ருசி. அன்று காலையில் வல்லிபுரத்தாரின் செருப்பில் ஒன்று முருங்கை உச்சியில் தொங்கியது. சீனிப் பேணிக்குள் உப்பு இருந்தது. பக்கத்து வீட்டு அன்னபூரணம் வேலிக்கு மேலால் எட்டி, "தண்ணி பவுசர் சந்தியில நிக்குது, கெதியா ஓடு" என்று சொல்ல, வல்லிபுரத்தாரின் மனைவி சறோஜினிதேவி இரண்டு வாளிகளோடு ஓடிப்போய், வெறும் வாளிகளோடு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மருமகள் தர்சினியின் தேநீரில் மட்டும் சீனி அளவாக இருந்தது.

வவுனியாவிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்த அவளுக்கு இது மூன்றாவது ஏப்ரல். போன வருடமும் அவளை ஒருவரும் ஏமாற்றிப் பேய்க்காட்டவில்லை. அதை அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். இந்த முறை அது மனதில் முள்ளாகக் கிடந்தது. விருந்தாளியின் கோப்பையில்தானே ஒருவரும் உப்புப் போடமாட்டார்கள்?

இந்த முறை குத்துவதற்குக் காரணம் இருந்தது. கணவன் சுதனுக்கு யாழ்ப்பாணத்துக்கு வேலை மாற்றம் வந்திருந்தது. அங்கே ஒரு வாடகை வீடும் பார்த்து வைத்திருந்தான். அதற்குக் குடிபோவதா, இங்கேயே இருந்து அவன் பஸ்ஸில் போய்வருவதா என்று அவள்தான் சொல்லவேண்டும்.

"பின்னேரம் வீட்டுக்காரருக்குச் சொல்லவேணும். உமக்கு எது விருப்பமோ அதைச் சொல்லும்," என்றவன், வாசல் படலையடியில் கட்டியிருந்த ஆட்டிடமும் போய்வருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டான்.

தர்சினி ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தாள். சுதனின் தங்கை நிலாந்தி போத்தலில் நீலம் கரைத்துக்கொண்டு திரிவதைக் கண்டு, கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நிலாந்தி அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தகப்பனின் வேட்டியில் அடித்தாள்.

"நிலாந்தி, எனக்கேன் அடிக்கேல்லை?"

"உங்களுக்கு வேண்டாம், அண்ணி."

"ஏன், நான் என்ன பிறத்தியே?"

நிலாந்தியின் முகம் மாறிவிட்டது. "அப்பிடியில்லை அண்ணி. பயம். நீங்கள் வந்த முதல் வருசம் உங்களைப் பேய்க்காட்டிப்போட்டு நாங்கள் படுற பாடு காணும்."

"என்னை எப்ப பேய்க்காட்டினனீங்கள்?"

நிலாந்தி குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "ஆடு."

"ஆட்டுக்கென்ன?"

"வெளிக்கிடேக்க ஆட்டுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போறது, இல்லாட்டிப் போன காரியம் சரிவராதெண்டு நான்தானே சொன்னனான்? அண்டைக்கு ஏப்ரல் முதலாம் திகதி. மத்தியானம் உண்மையைச் சொல்லிச் சிரிக்கிறதெண்டுதான் இருந்தம். நீங்கள் கோயிலுக்கு வெளிக்கிட்டு, குனிஞ்சு, அதின்ர காதைத் தடவி, 'போட்டு வாறன்' எண்டியள். அதைப் பாத்திட்டு அம்மா, 'ஒருத்தரும் வாய் திறக்கப்படாது, பிள்ளை வெக்கப்படும்' எண்டிட்டா. பிறகென்ன? நீங்கள் பாத்துக்கொண்டு நிக்க நாங்கள் சொல்லாமப் போக ஏலுமே?"

தர்சினிக்கு முகம் சுட்டது. இரண்டு வருடம், மழையிலும்கூட, படலையடியில் அவள் குனிந்து நின்ற நாட்கள் எத்தனை. ஆனால் வெட்கத்தையும் தள்ளிக்கொண்டு விடுப்பு அறியும் ஆவல் முன்னுக்கு வந்தது.

"அப்ப மாமாவும் சும்மாதான் சொல்லுறவரே?"

"அப்பாவோ? கண் ஒப்பரேசன் கதையை எங்களுக்குச் சொல்ல முதல் ஆட்டுக்குத்தான் சொன்னவர்."

"அன்னபூரணம் அன்ரி?"

"அவ உள்ளுக்கு வரேக்கயும் சொல்லுறா. ஒருக்காப் பேய்க்காட்டினதுக்கே இந்தப் பாடு. இன்னொண்டு சொன்னால் அதையும் எல்லே சாகுமட்டும் செய்யவேணும்."

குசினி வாசலில் சறோஜினிதேவி அகப்பையோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "கோவமே, பிள்ளை?" என்று கேட்ட குரல் உள்ளே போயிருந்தது.

முழங்கால் நோவோடு ஒவ்வொரு தடவையும் ஆட்டுக்குக் குனிந்த அந்த மனுசியைத் தர்சினி பார்த்தாள். பிறகு முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்னத்துக்குக் கோவம், மாமி? அது பகிடியெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஏன், வவுனியாவில ஆடு இல்லையோ? நீங்கள் எல்லாரும் எவ்வளவு காலத்துக்குச் செய்யிறியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நிலாந்தி கிணற்றுக்கட்டில் அப்படியே குந்திவிட்டாள். சறோஜினிதேவி அகப்பையை உயர்த்தியபடி, "இஞ்சரப்பா, கேட்டியளே? இவள் எங்கள் எல்லாரையும் ஒரேயடியாப் பேய்க்காட்டியிருக்கிறாள்," என்று கணவரைக் கூப்பிட்டார்.

நீலம் பட்ட வேட்டியோடு வந்த வல்லிபுரத்தாருக்கு வேறு கவலை. "அப்ப நான் ஆட்டுக்குச் சொன்னதெல்லாம் நீர் கேட்டுக்கொண்டோ நிண்டனீர்?"

"கொஞ்சம் கேட்டனான், மாமா."

அவள் ஒன்றும் அறிந்திருக்கவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அன்று முழுக்க அந்த வீட்டில் யாரோ ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் சுதன் வந்தான். "என்ன முடிவு?"

"அந்த வீடு வேண்டாம். இஞ்சையே இருப்பம்."

அவன் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தான். "பகிடியில்லையே?"

"நாளைக்கும் கேளுங்கோ. இதைத்தான் சொல்லுவன்."

அரை மனதோடுதான் வாடகை வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, வீடு தேவையில்லை என்றான். அந்தப் பக்கத்தில் அவர் சிரிப்பது தர்சினிக்கும் கேட்டது.

"தம்பி, நாளைக்கு எடும். இண்டைக்கு ஆர் சொல்லுறதையும் நான் நம்புறேல்லை."